கூர் ஏறாத கத்தியும் பழி சுமக்கும் பசையும்: தீட்டும்போது வரும் கோளாறுகள்

கத்தி கூர் ஏறவில்லை என்றால் முதலில் பழி விழுவது பசையின் மீதுதான். "இந்தப் பச்சைக் கட்டி சரியில்லை, வேறு எது வாங்கலாம்?" என்று கேட்டு வருபவர்களிடம் கத்தியைக் காட்டுங்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன். கல்லில் தீட்டியபின் கத்தியை இழுத்து முடிக்கும் தோல் ஒட்டிய பலகையில் தடவும் மெருகுப் பசை இது. கத்தியின் வாயிலிருந்து அது எடுக்கும் இரும்பு மிக மிகக் கொஞ்சம். கல்லில் அரைகுறையாக விட்ட வேலையை அது முடித்துத் தராது. கை தரும் அழுத்தத்தையும் அது சரிசெய்யாது. ஆனாலும் பசைதான் குற்றவாளி என்று அடித்துச் சொல்லக்கூடிய கோளாறுகள் சில உண்டு. எது எந்த வகை என்று அறிகுறியை வைத்துப் பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை. கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் புழங்கும் கத்திகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன்: வீட்டு அரிவாள்மனை, மீன் வெட்டும் கத்தி, தச்சரின் உளி, லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாள், இணையத்தில் வரவழைத்த விலை கூடிய மடக்குக் கத்தி.

முதலில், கையில் இருப்பது என்ன பசை?

பச்சைக் கட்டி பெரும்பாலும் குரோமியம் ஆக்சைடு. நல்ல சரக்காக இருந்தால் அதன் துகள் அரை மைக்ரான் அளவில் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பதம் போட்ட இரும்பைவிடக் கடினமானது. மலிவான பச்சைக் கட்டிகளில் அலுமினியம் ஆக்சைடும் கலந்திருக்கும். அடுப்படிக் கத்திக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை. வேகமாகவே வேலை செய்யும். வெள்ளைக் கட்டி பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. சிவப்பு, நகைப் பட்டறைகளில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் மெருகேற்றும் இரும்பு ஆக்சைடு. கறுப்பு, முரட்டு எமரி. இவற்றைத் தவிர சிறு ஊசிக்குழலில் வரும் டைமண்ட் பேஸ்ட். அதில் 6, 3, 1, 0.5 என்று மைக்ரான் அச்சிட்டிருக்கும்.

நிறத்தை நம்பி வாங்காதீர்கள். எந்த நிறத்துக்கு எந்தத் தூள் என்று எல்லாக் கம்பெனிகளும் ஒப்புக்கொண்ட விதி எதுவும் கிடையாது. ஒருவரின் வெள்ளை இன்னொருவரின் சாம்பல். என்ன தூள், எத்தனை மைக்ரான் என்ற இரண்டு கேள்விக்கும் கட்டியின் உறையிலோ கடைக்காரரிடமோ பதில் இல்லையென்றால், அது எவர்சில்வர் பாத்திரம் பளபளப்பாக்கும் பஃபிங் வேலைக்கு வந்த சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம். கத்திக்கும் ஓரளவு உதவும். ஆனால் அதை வைத்துக்கொண்டு சவரக் கத்திக்குப் போக வேண்டாம்.

"எவ்வளவு தீட்டினாலும் அப்படியேதான் இருக்கிறது"

என்னிடம் வரும் புகார்களில் பெரும்பகுதி இதுதான். இதற்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, கல்லில் வேலை முடியவில்லை. டியூப் லைட்டுக்கு நேர் கீழே நின்று, கத்தியின் வாய் உங்கள் கண்ணைப் பார்க்கும்படி பிடித்து, மெல்ல முன்னும் பின்னும் சாயுங்கள். கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது; ஒளியைத் திருப்பி அனுப்ப அங்கே இடமே இல்லை. மழுங்கிய இடம் மட்டும் வெள்ளை நூல் போட்டதுபோல மின்னும். அரிவாள்மனையில் இந்த நூல் பெரும்பாலும் நடு வயிற்றில் தெரியும், காய் அதிகம் விழுகிற இடம் அது. நூல் தெரிகிற வரைக்கும் பசையைத் தொட வேண்டாம். 1000 நம்பர் கல்லின் துகள் பத்து மைக்ரானுக்கு மேல். பச்சைக் கட்டியின் துகள் அரை மைக்ரான். கல் சில நிமிடத்தில் எடுக்கிற இரும்பைப் பசையால் எடுக்க வேண்டுமானால் பொழுது சாய்ந்துவிடும்.

கல்லில் எங்கே தேய்கிறது என்று தெரியவில்லையா? வாயை நோக்கி இறங்கும் சரிவின் மீது மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு, கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். வாயை ஒட்டிய மை அப்படியே இருந்தால் கத்தியை மிகவும் படுத்துப் பிடிக்கிறீர்கள். சரிவு தொடங்கும் மேல் விளிம்பான தோள்பட்டை மட்டும் தேய்கிறது. முதுகைச் சற்றுத் தூக்குங்கள். ஒரு பக்கம் தேய்த்தால் மறுபக்கத்தில் நுனி முதல் அடி வரை மெல்லிய பிசிர் எழும்ப வேண்டும். பிசிர் எழும்பாத இடம், கல் வாயைத் தொடாத இடம்.

இரண்டாவது, பசை இரும்பைவிட மெத்தென்று இருக்கிறது. இது பசையின் குற்றமே. சிவப்புப் பசை தங்கத்தில் செய்கிற வேலையைப் பதம் போட்ட இரும்பில் செய்யாது, ஏனென்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கடினம். பற்பசையை வைத்துத் தீட்டும் வழக்கமும் ஊரில் இருக்கிறது. அதில் பெரும்பாலும் இருப்பது சுண்ணாம்புக்கல் தூள்தான். கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் அது 3. கத்தி இரும்பு 6-க்குப் பக்கத்தில். பற்பசை தேய்த்தபின் கத்தி கொஞ்சம் நன்றாக வெட்டினால் அதற்கான நன்றி தோலுக்குப் போக வேண்டும். வெறும் தோலே மடங்கிய வாயை ஓரளவு நிமிர்த்திவிடும்.

மூன்றாவது, இரும்பே வேறு ஜாதி. லாரிப் பட்டையில் அடித்த அரிவாளையும் சாதாரண எவர்சில்வர் கத்தியையும் பச்சை, வெள்ளை இரண்டுமே சுலபமாக அறுக்கும். ஆனால் இரும்பு அறுக்கும் பெரிய மிஷின் ரம்பத் தகட்டில் செய்த கத்திகளும், டி2 என்று முத்திரையிட்டு வரும் கத்திகளும், வனேடியம் அதிகம் சேர்த்த மடக்குக் கத்திகளும் அப்படி அடங்காது. அவற்றின் உள்ளே கார்பைடு என்ற கடினமான மணிகள் பதிந்திருக்கின்றன. டி2-வில் சுமார் 12 சதவீதம் குரோமியம், 1.5 சதவீதம் கரி. அதனால் பெரிய பெரிய குரோமியக் கார்பைடுகள். வனேடியக் கார்பைடு இன்னும் மோசம். அலுமினியம் ஆக்சைடுகூட அதைவிட மெத்தென்றுதான் இருக்கும். பச்சையை வைத்துத் தேய்த்தால் மணியைச் சுற்றியுள்ள இரும்பு பளபளப்பாகும், மணி அப்படியே நிற்கும். இங்கே டைமண்ட் பேஸ்ட் ஆடம்பரம் இல்லை, தேவை. 3 மைக்ரான் போட்டு, பிறகு 1 மைக்ரான் போட்டால் போதும். கால் மைக்ரான் வரைக்கும் போகச் சொல்பவர்கள் தக்காளி நறுக்குவதில்லை என்று நினைக்கிறேன்.

"கல்லில் நன்றாக இருந்தது, தோலில் தீட்டத் தீட்ட மழுங்குகிறது"

பசையை மாற்றி மாற்றிப் பணத்தைக் கரைப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கோளாறு உள்ளவர்கள். எந்தப் பசை போட்டாலும் இது போகாது, ஏனென்றால் வாய் உருண்டுகொண்டிருக்கிறது. தோல் மெத்தை போன்றது. அழுத்தினால் உள்ளே குழிந்து, கத்தி கடந்த உடனே மேலே எழும்பி வாயைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். அப்போது பசை சரிவை விட்டுவிட்டு வாயின் நுனியையே தேய்த்து உருட்டிவிடும். பசை எவ்வளவு வீரியமானதோ அவ்வளவு வேகமாக உருளும். ஆகவே இந்தக் கோளாறு உள்ளவர் டைமண்டுக்கு மாறினால் நிலைமை மோசமாகத்தான் போகும்.

தோலைப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் குழி தெரிகிற மெத்தென்ற தோல் வேண்டாம். இரண்டு மில்லிமீட்டர் அளவில் இறுக்கமான தோல் போதும். அதையும் சமமான பலகையில் முழுதாக ஒட்டியிருக்க வேண்டும். ஆணியில் மாட்டித் தொங்கவிட்ட பெல்ட்டில் சமையல் கத்தியைத் தீட்டினால், பெல்ட் தொய்கிற அளவுக்கு வாயும் உருளும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதப்படுத்திய தோல் இறுகி நிற்கும். பசையையும் நன்றாகப் பிடிக்கும். கைப்பைக்காகக் குரோம் முறையில் பதப்படுத்திய தோல் பெரும்பாலும் தளதளவென்று இருக்கும். புதுச்சேரியில் தோல் பொருள் செய்கிற பட்டறைகளில் வெட்டுத் துண்டு கேட்கும்போது, பைக்கான தோலைக் கேட்காமல் பெல்ட்டுக்கான தோலைக் கேளுங்கள். மகாத்மா காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பெல்ட்டையே வாங்கினாலும் சரி, ஓரத்தில் லேசாகக் கீறிப் பார்த்து வாங்குங்கள். ரெக்சின் என்றால் உள்ளே துணி தெரியும்.

தோலே இல்லாமலும் தீட்டலாம். புதுச்சேரிப் பக்கம் இன்றும் கள் இறக்குகிறார்கள். மரமேறிகள் பாளை அரிவாளுக்குத் தோலைத் தேடிப் போனதில்லை. மரப்பலகையில் வெங்கச்சங்கல் என்ற வெள்ளைக் கல்லின் பொடியைத் தூவி அதில்தான் தீட்டினார்கள். பாளையைத் தாள் கனத்துக்குச் சீவ வேண்டிய கத்தி அது, உருண்ட வாய் அங்கே உதவாது. மரம் குழியாது, பொடி இரும்பைவிடக் கடினம், ஆகவே கூர் நேராக நிற்கும். அதே கணக்கில், சமமாக இழைத்த மரத்துண்டிலோ மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையிலோ டைமண்ட் பேஸ்ட்டைத் தடவித் தீட்டினால், தோலில் கை பழகாதவர்களுக்கும் நல்ல வாய் கிடைக்கும்.

அடுத்தது கோணம். சரியான கோணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பசை தடவாத தோல் துண்டு ஒன்றின் மீது கத்தியைப் படுத்து வையுங்கள். அழுத்தமே இல்லாமல், வாய் முன்னால் போகும்படி மெல்லத் தள்ளிக்கொண்டே முதுகைத் துளித்துளியாக உயர்த்துங்கள். ஓரிடத்தில் வாய் தோலைக் கவ்வும். அந்த இடத்திலிருந்து ஒரு மயிரிழை முதுகைத் தாழ்த்தினால் அதுதான் நீங்கள் தீட்ட வேண்டிய கோணம். சமையல் கத்தியில் இது பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரிக்குள் இருக்கும். நீங்கள் நினைப்பதைவிடப் படுத்துத்தான் இருக்கும்.

பிறகு இழுப்பு. முதுகு முன்னால், வாய் பின்னால். கத்தியின் எடையே போதும். விரலால் அழுத்த வேண்டாம். பலகையின் முடிவில் பெரும்பாலோர் மணிக்கட்டைத் திருப்பிக் கத்தியைத் தூக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்தத் திருப்பத்தில் வாய் ஒரு நொடி செங்குத்தாகித் தோலில் தேய்கிறது. கத்தியை நிறுத்துங்கள், நேரே மேலே தூக்குங்கள், காற்றில் திருப்புங்கள், அடுத்த பக்கம் போங்கள். சவரத் தொழிலாளர்கள் முதுகின் மீதே கத்தியைப் புரட்டுவதைப் பார்த்துவிட்டு அந்த வேகத்துக்கு ஆசைப்பட வேண்டாம். சவரக் கத்தியில் முதுகும் வாயும் சேர்ந்தே தோலில் படுகின்றன. கோணத்தை முதுகே காப்பாற்றிக்கொள்கிறது. சமையல் கத்திக்கு அந்த வசதி கிடையாது.

ஏற்கனவே உருண்டுவிட்ட வாயைத் தோலில் மீட்க முடியாது. கல்லுக்குப் போய், நுண்ணிய கல்லில் சில இழுப்பு இழுத்துவிட்டு, பக்கத்துக்குப் பத்துக்கு மேல் போகாமல் தோலில் முடியுங்கள்.

"பேப்பரை அறுக்கிறது, தக்காளியில் வழுக்குகிறது"

இங்கே கத்தி கூராகத்தான் இருக்கிறது. பசை தேவைக்கு மேல் நுண்மையாகப் போய்விட்டது.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் வெட்டித் தரும் அக்கா ஒருவருக்கு அவருடைய அண்ணன் மகன் கத்தியைக் கண்ணாடிபோலத் தேய்த்துக் கொடுத்திருந்தான். காகிதத்தை வைத்தால் சத்தமே இல்லாமல் இரண்டாகும். "பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. சங்கராத் தோலில் வைத்தால் நிற்கவே மாட்டேன் என்கிறது. முகம் பார்க்கவா இதை வைத்திருக்கிறேன்?" என்றார். 1000 நம்பர் கல்லில் இரண்டு பக்கமும் மூன்று நான்கு இழுப்பு, பிறகு பச்சையில் மூன்று நான்கு இழுப்பு, அவ்வளவுதான் அதற்கு மருந்து. கல் விட்டுச்சென்ற கீறல்கள் வாயில் கண்ணுக்குத் தெரியாத பற்களாக நிற்கும். மீன் தோல், தக்காளி, கத்திரிக்காய், கயிறு எல்லாம் இழுத்து வெட்டும் வேலைகள். அங்கே பல் வேண்டும். பசை அந்தப் பல்லில் ஒட்டியிருக்கும் பிசிரை மட்டும் எடுத்தால் போதும், பல்லையே வழிக்கக் கூடாது.

மரத்தில் அழுத்திச் சீவும் உளிக்கும், முகச் சவரத்துக்கும் கணக்கு நேர் எதிர். அங்கே பல் இருந்தால் மரத்தில் கோடு விழும், கன்னம் எரியும். ஆகவே "எது சிறந்த பசை" என்பதற்கு முன்னால் "எதை வெட்டப்போகிறீர்கள்" என்ற கேள்வி வருகிறது. அடுப்படிக்கு 1000 நம்பர் கல்லுக்குப் பின் பச்சைக் கட்டி, அல்லது 3 மைக்ரான் டைமண்ட். உளிக்கு இன்னும் நுண்ணிய கல்லுக்குப் பின் பச்சை. இந்த இரண்டு பசைக்கு மேல் வீட்டில் வைத்திருப்பவரைப் பார்த்தால் அவர் கத்தியைவிடப் பசையை அதிகம் நேசிக்கிறார் என்றுதான் தோன்றுகிறது.

"முதல் வெட்டு அபாரம், பத்து நிமிடத்தில் போய்விடுகிறது"

பிசிரைக் கூர் என்று நம்பியிருக்கிறீர்கள். கல்லில் எழும்பிய பிசிர் போகாமல், நேராக நிமிர்ந்து நின்றுவிட்டது. அது தாளைவிட மெல்லியது. முதல் வெங்காயத்தை அற்புதமாக வெட்டும், பலகையில் பட்டதும் மடங்கிவிடும். மெத்தென்ற மலிவு எவர்சில்வர் கத்திகளில் இது மிகுதி. அந்த இரும்பு ஒடிவதற்குப் பதிலாக வளைந்து வளைந்து கொடுக்கும். தோலில் ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் சாயும், மறுபக்கம் இழுத்தால் இந்தப் பக்கம் வரும்.

சோதிக்கச் சிறு பஞ்சு போதும். முதுகிலிருந்து வாயை நோக்கி, வாயைத் தாண்டி வெளியே போகும்படி பஞ்சால் வழியுங்கள். பிசிர் இருக்கும் பக்கத்தில் இழை சிக்கி நிற்கும். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். விரலால் வாயின் நீளவாக்கில் தடவிப் பார்க்கும் வீரம் வேண்டாம்.

தீர்வு கல்லில்தான் தொடங்குகிறது. உங்களிடம் உள்ள நுண்ணிய கல்லில், முதுகை வழக்கத்தைவிடச் சற்றே உயர்த்தி, வாய் முன்னால் போகும்படி, கிட்டத்தட்ட எடையே இல்லாமல் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி நான்கைந்து இழுப்பு. இது பிசிரை வளைக்காமல் அறுத்துவிடும். அதன்பின் தோல். இந்த வகை இரும்பில் பச்சையைவிட 1 மைக்ரான் டைமண்ட் பிசிரை வேகமாக வெட்டும். பச்சை அதைப் பளபளப்பாக்கி விட்டுவைக்கும் அபாயம் உண்டு. தோலில் முழுக்க ஒரு பக்கம், பிறகு முழுக்க மறுபக்கம் என்று செய்யாமல், ஒரு இழுப்புக்கு ஒரு முறை பக்கம் மாற்றுங்கள்.

"பளபளப்புக்கு நடுவே ஆழமான கீறல்கள்"

பசைக்குள் வேறு ஏதோ புகுந்திருக்கிறது. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக் காற்றடிக்கும் தூரத்தில் வீடு இருந்தால் முதலில் மணலைச் சந்தேகியுங்கள். ஒரு மணல் துகள் அரை மைக்ரான் பசையின் பக்கத்தில் மலை. திண்ணையிலும் மொட்டை மாடியிலும் வைத்துத் தீட்டிவிட்டுப் பலகையைத் திறந்தபடியே வைத்தால் இதுதான் நடக்கும். ஒரு துணி உறை தைத்துப் போடுங்கள்.

அடுத்த சந்தேகம், ஒரே பலகையில் இரண்டு பசை. 6 மைக்ரான் போட்ட தோலில் பின்னால் 1 மைக்ரான் தடவினால் அது இன்றைக்கும் 6 மைக்ரான் பலகைதான். ஒரு பசைக்கு ஒரு பலகை. பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். கத்தியையும் ஒரு பசையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். கல்லிலிருந்து தோலுக்கு வரும்போதும் அப்படியே. கல்லின் சேறு வாயை ஒட்டிக்கொண்டு தோலுக்கு வந்துவிடும்.

இரண்டும் இல்லை, புதிய பலகை, புதிய கட்டி, அப்படியும் கீறல் என்றால் கட்டியில் முரட்டுத் தூள் கலந்திருக்கிறது. சமையல் கத்தியில் அது வெறும் அழகுக் குறை. உளிக்கும் சவரக் கத்திக்கும் அந்தக் கட்டி வேண்டாம்.

"பசை தோலில் பிடிக்கவில்லை, கட்டி கட்டியாக உதிர்கிறது"

கட்டிப் பசை மெழுகில் பிசைந்தது. கெட்டியான கட்டி, வழவழப்பான தோலில் ஒட்டாது. தோலின் மேற்பக்கத்தில் கடைப் பூச்சு இருந்தால் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள். பிறகு தோலைச் சற்று நேரம் வெயிலில் வைத்துச் சூடேற்றி, கட்டியைத் தோலில் தேயுங்கள். தோலின் நிறம் பசைக்குக் கீழே மங்கலாகத் தெரிய வேண்டும். அந்த அளவு போதும். அதிகம் தடவினால் வேலை வேகமாக நடக்கும் என்று நினைத்துத் திட்டுத் திட்டாக அப்புகிறவர்கள் உண்டு. அந்தத் திட்டின் மீது கத்தி ஏறி இறங்கும்போதெல்லாம் கோணம் மாறும்.

டைமண்ட் பேஸ்ட் வேறு கதை. மெத்தென்ற தோலில் தடவினால் துகள் உள்ளே இறங்கிவிடும். விலை கொடுத்து வாங்கியது தோலின் வயிற்றுக்குள் போகும். இறுகிய தோல் அல்லது மரம்தான் அதற்கு இடம். பட்டாணி அளவு போதும்; விரலில் பாலிதீன் பை மாட்டிக்கொண்டு பரப்புங்கள். பேஸ்ட் தண்ணீரில் கரையும் வகையா, எண்ணெயில் கரையும் வகையா என்று உறையைப் பார்த்து, இளக்க வேண்டுமானால் அதற்கேற்றதை ஒரு சொட்டு சேருங்கள்.

"பலகை கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது"

நல்ல செய்திதான். அந்தக் கறுப்பு, கத்தியிலிருந்து வந்த இரும்பு. பசை வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி. பலகை கண்ணாடிபோல வழுவழுத்துக் கத்தி உரசாமல் சறுக்கினால் மட்டும் சுத்தம் செய்ய வேண்டும். பழைய கத்தியின் முதுகால் மேல் அழுக்கைச் சுரண்டி, துணியில் சிறிது மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, முழுதாக உலர்ந்தபின் புதிதாக மெல்லிய பூச்சு.

கறுப்பே ஏறவில்லை என்பதுதான் கவலைப்பட வேண்டிய அறிகுறி. மேலே முதல் கோளாறில் சொன்ன இரண்டாவது, மூன்றாவது காரணங்களை அப்போது திரும்பப் பாருங்கள்.

மழைக்காலக் கோளாறுகள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கரையில் காற்றே ஈரத்துணி. தோலில் வெள்ளையாகப் பூஞ்சை படரும், பலகை வளையும், நேற்றுத் தீட்டிய கத்தியின் வாயில் இன்று செம்புள்ளி விழும். துரு முதலில் தின்பது வாயைத்தான், அங்கேதான் இரும்பு மிக மெல்லியது. உப்புக் காற்றும் மீன் உப்பும் சேர்ந்தால் ஓர் இரவு போதும். "தீட்டியது நிற்கவில்லை, பசை சரியில்லை" என்று சொல்லப்படும் கத்திகளில் பல இப்படித் துருவால் மழுங்கியவை.

தீட்டி முடித்ததும் பசையின் மெழுகை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, துடைத்து, உலர்த்தி, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயை வாய் வரைக்கும் தடவுங்கள். உணவு படாத உளிக்கும் அரிவாளுக்கும் தையல் மிஷின் எண்ணெய் மேல், பிசுக்கு ஏறாது. பூஞ்சை படிந்த தோலை உலர்ந்த துணியால் துடைத்து வெயிலில் காட்டினால் போய்விடும், ஆனால் நாள் முழுக்க வெயிலில் போட்டால் தோல் சுருங்கிப் பலகையிலிருந்து பெயர்ந்துவிடும். பலகை வளைந்திருக்கிறதா என்று அறிய, இரும்பு ஸ்கேலை அதன் மீது செங்குத்தாக நிறுத்தி அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கலாம்.

பண்ருட்டிக் கோளாறு

பலாப்பழக் காலத்தில் மட்டும் வருவது. பலாப்பால் ஒட்டிய கத்தியை அப்படியே தோலில் இழுத்தால் பால் தோலில் பரவி, பசையை மூடி, பலகையையே கோந்துத் தட்டாக மாற்றிவிடும். அதன்பின் எந்தக் கத்தியும் அதில் இழுபடாமல் திக்கித் திக்கி நகரும். பழம் அறுக்கும் முன்பே கத்தியில் நல்லெண்ணெய் தடவுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தீட்டும் முன் மீண்டும் எண்ணெய் தொட்டு மிச்சப் பாலை உருட்டி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பால் ஏறிவிட்ட தோலைச் சுரண்டிப் பயனில்லை; உப்புத்தாளால் மேல் படலத்தையே தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பசை பூசுங்கள்.

"ஓரிடத்தில் மட்டும் கூர் நிற்பதே இல்லை"

கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுத்தீர்களா? அந்த இடத்தில் நீலமோ ஊதாவோ படிந்திருக்கிறதா? அப்படியென்றால் பதம் போய்விட்டது. காய்ந்த சக்கரத்தில் அழுத்திப் பிடிக்கும்போது மெல்லிய வாய் நொடியில் 300 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் போகும். அந்தச் சூட்டில்தான் இரும்பில் நீலம் ஏறும். சாதாரணக் கத்தி இரும்பு அந்தச் சூட்டைக் கண்டபின் மெத்தென்று ஆகிவிடும். நீலத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் உள்ளே போன பதம் திரும்பாது. கெட்ட இரும்பு முழுதும் தேயும் வரை, தண்ணீர் ஊற்றிக் கல்லில் கையால் தேய்ப்பதுதான் வழி. சாணைக்காரரிடம் கொடுக்கும்போது சூடேற விடாமல் அடிக்கடி தண்ணீரில் தோய்க்கச் சொல்லுங்கள். நல்ல சாணைக்காரர் சொல்லாமலே தோய்ப்பார்.

"தீட்டியபின் சவரக் கத்தி எரிகிறது"

சலூன்களில் பாதியாக ஒடித்த பிளேடை மாட்டும் கத்திகள் வந்தபின் இந்தக் கேள்வியே அரிது. முழுக் கத்தி வைத்துச் சவரம் செய்யும் ஆர்வலர்களுக்கு மட்டும்: டைமண்ட் விடும் வாய் பலருக்குக் கன்னத்தில் முரடாகப் படும். கடைசிப் பூச்சு குரோமியம் ஆக்சைடாக இருக்கட்டும். அதன்பின் பசையே படாத சுத்தமான தோலில் தீட்டிவிட்டுச் சவரம் செய்யுங்கள். அன்றாடம் தீட்டும் வாரில் பசை தடவவே வேண்டாம்.

உளி: வெட்டுகிறது, ஆனால் நேராக இறங்கவில்லை

உளியின் முதுகுப்பக்கம் சமமாக இருந்தால்தான் அது மரத்தில் நேராக இறங்கும். சரிவைத் தோலில் தீட்டியபின் பிசிரை எடுப்பதற்காக முதுகுப்பக்கத்தையும் தூக்கித் தூக்கி இழுத்தால், அங்கே சிறிய உருளல் உண்டாகிவிடும். அதன்பின் உளி மரத்தைவிட்டு வெளியே வழுக்கும். முதுகுப்பக்கத்தை முழுதாகப் படுத்து, ஒன்றிரண்டு இழுப்பு மட்டும், மரப்பலகையில் தடவிய பசையில். ஏற்கனவே உருண்டுவிட்டதென்றால் சமமான கல்லில் முதுகைத் தட்டையாக்கிவிட்டுத்தான் பசைக்கு வர வேண்டும்.

பற்கள் கொண்ட கதிர் அரிவாளுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அது அரத்துக்குப் போக வேண்டியது.

பஃபிங் மோட்டாரில் பசை போட்டுத் தீட்டுபவர்களுக்கு

கத்தியின் வாய் சக்கரம் சுழலும் திசைக்கு எதிராக ஒரு நொடி திரும்பினாலும் துணிச் சக்கரம் அதைக் கவ்விப் பிடுங்கி எறியும். வாய் எப்போதும் சக்கரம் ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். சக்கரம் உங்களைவிட்டு விலகிச் சுழல்வதுபோல மோட்டாரைத் திருப்பி வையுங்கள். கண்ணாடி, மூக்கில் துணி இரண்டும் கட்டாயம். பச்சைத் தூள் துணியில் பட்டால் போகாது, மூச்சில் போனால் நல்லதில்லை. இரண்டு விரற்கடைக்குக் குறைவான நீளமுள்ள வாயை மோட்டாரில் காட்டவே வேண்டாம். அதைக் கையால் பலகையில் தீட்டுங்கள்.